பிரிந்த பெற்றோரும் பிள்ளையின் செலவும்: புதிய 144-வது பிரிவு சொல்வது என்ன, கோர்ட்டில் நடப்பது என்ன?

பராமரிப்பு வழக்கில் சம்மன் வாங்குகிறவர்களில் பலர் அதிலிருக்கும் '144' என்ற எண்ணைப் பார்த்துத் திகைத்துப் போகிறார்கள். நம் பக்கத்தில் 144 என்றாலே கூட்டம் கூடத் தடை என்றுதான் பழக்கம். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (சுருக்கமாக பி.என்.எஸ்.எஸ்.) வந்துவிட்டது. அதில் அந்தத் தடை உத்தரவு 163-வது பிரிவு. பழைய 125-வது பிரிவில் இருந்த மனைவி, பிள்ளைகள், பெற்றோர் பராமரிப்பு இப்போது 144-வது பிரிவு. 2024 ஜூலைக்கு முன்பே போட்டு நிலுவையில் இருந்த வழக்குகள் பழைய எண்ணிலேயே தொடர்கின்றன. எண் மாறியதால் யாருடைய உரிமையும் குறையவில்லை.

எண்ணைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. பிள்ளைக்கான பணத்தை அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலாகப் பார்ப்பது. பிரிந்தவர்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் இதிலிருந்தே பிறக்கின்றன.

உரிமை யாருடையது?

பராமரிப்புத் தொகை பிள்ளையின் உரிமை. பிள்ளை மைனர் என்பதால் தாயோ தந்தையோ காப்பாளராக நின்று கேட்கிறார்கள், அவ்வளவுதான். இதிலிருந்து வரும் விளைவுகள்:

1. மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்று ஆனாலும் பிள்ளையின் கோரிக்கை தனியாக நிற்கும். மனைவி நன்றாகச் சம்பாதிக்கிறார், காரணமின்றிப் பிரிந்து போனார் என்ற வாதங்கள் மனைவியின் பங்கைப் பாதிக்கலாம். பிள்ளையின் பங்கைத் தொடாது.

2. பெற்றோரின் திருமணம் செல்லாத ஒன்றாக இருந்தாலும், திருமணமே நடக்காமல் பிறந்திருந்தாலும், பிள்ளைக்கு உரிமை உண்டு. 144-வது பிரிவின் வாசகமே அப்படி.

3. பிள்ளையைப் பார்க்க விடுவதில்லை என்று பணத்தை நிறுத்த முடியாது. பணம் வரவில்லை என்று பார்க்க விடாமல் இருக்கவும் முடியாது. பார்க்கும் உரிமைக்குத் தனி மனு, பணத்துக்குத் தனி மனு.

4. தாய் "எனக்கோ பிள்ளைக்கோ எதுவும் வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தாலும் அது பிள்ளையைக் கட்டாது.

ஆகவே மனுவில் மனைவி மட்டும் மனுதாரராக இருந்து, பிள்ளைகளின் பெயர் உள்ளே எங்கோ ஒரு வரியில் வந்தால் போதாது. ஒவ்வொரு பிள்ளையும் 'மைனர், தாயும் காப்பாளருமான இன்னார் மூலம்' என்று தனி மனுதாரராக வரவேண்டும். ஆளுக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்கவும் வேண்டும். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே தொகையாக உத்தரவு வாங்கிவிட்டால், பின்னாளில் மனைவியின் பங்கு மட்டும் ரத்தாகும்போது பிள்ளையின் பங்கு எவ்வளவு என்று மறுபடி அடிபிடி.

எந்தச் சட்டத்தில் கேட்பது?

வழிகள் பல. ஒவ்வொன்றின் எல்லையும் வேறு.

1. பி.என்.எஸ்.எஸ். 144: எல்லா மதத்தினருக்கும் பொது. 18 வயது வரை. அதற்கு மேல், உடல் அல்லது மனக் குறைபாட்டால் தன்னைக் காத்துக்கொள்ள இயலாத பிள்ளைக்கு மட்டும். இதில் திருமணமான மகள் சேரமாட்டார்.

2. இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் 1956, பிரிவு 20: தந்தை, தாய் இருவருக்குமே கடமை. சொந்த வருமானமோ சொத்தோ இல்லாத திருமணமாகாத மகளுக்கு 18-க்குப் பிறகும் உண்டு. திருமணச் செலவும் இதில் அடங்கும். இப்படிப்பட்ட மகள் 144-ல் (அன்றைய 125-ல்) கேட்க முடியாது, இந்தச் சட்டத்தில் கேட்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2020 செப்டம்பரில் தெளிவாக்கியது.

3. இந்து திருமணச் சட்டம் 1955, பிரிவு 26: விவாகரத்து வழக்கு நடக்கும்போதே மைனர் பிள்ளைகளின் பராமரிப்பு, கல்வி, பொறுப்பு ஆகியவற்றுக்கு உத்தரவு.

4. குடும்ப வன்முறைச் சட்டம் 2005, பிரிவு 20: பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பண நிவாரணம். தொகையை நேராகக் கட்டும்படி கணவரின் முதலாளிக்கே உத்தரவிட இதில் வழி இருக்கிறது. மாதச் சம்பளக்காரர் என்றால் இது பெரிய பலம்.

முஸ்லிம் குடும்பங்களில் ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது: விவாகரத்தான முஸ்லிம் பெண்களுக்கான 1986 சட்டப்படி குழந்தைக்கு இரண்டு வயது வரைதான் தந்தை கொடுக்க வேண்டும் என்று. அந்த இரண்டு வருடம் விவாகரத்தான தாய் தன் பெயரில் கேட்கும் தொகை தொடர்பானது. பிள்ளையின் சொந்த உரிமை தனி என்று 1997-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஒன்றுக்கு மேற்பட்ட சட்டங்களில் மனு போடலாம். ஆனால் முதல் வழக்கில் கிடைத்த தொகையை இரண்டாவதில் சொல்லியாக வேண்டும். ஒன்று மற்றதில் கழிக்கப்படும். மறைத்தால் நம்பகத்தன்மை போய்விடும்.

மகனின் கல்லூரிச் செலவுதான் சட்டத்தின் பலவீனமான இடம். 18 முடிந்த ஆரோக்கியமான மகனுக்கு நேரடியான பிரிவு எதுவும் கைகொடுப்பதில்லை. 18 வயதோடு நிறுத்துவது இன்றைய நிலைக்குப் பொருந்தாது என்று கருதி, முதல் பட்டம் முடியும்வரை கொடுக்கும்படி 2021-ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அது அந்த வழக்கின் சூழலில் தந்த நிவாரணம். கீழ்க் கோர்ட்டில் அதை மட்டும் நம்பிப் போக முடியாது. இந்த ஓட்டையை அடைக்கும் வழி கீழே வருகிறது.

கடலூரா, புதுச்சேரியா?

கடலூர்-புதுச்சேரி எல்லையான முள்ளோடைக்கு அந்தப் பக்கம் பிறந்த வீடு, இந்தப் பக்கம் புகுந்த வீடு என்று இருக்கிற குடும்பங்களுக்கு இது முதல் கேள்வி. 145-வது பிரிவின்படி எதிர்தரப்பினர் இருக்கும் இடம், மனைவி வசிக்கும் இடம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் இவற்றில் எங்கு வேண்டுமானாலும் போடலாம். பாகூரில் கணவர், திருப்பாதிரிப்புலியூரில் தாய்வீட்டில் மனைவி என்றால் கடலூரிலேயே போடலாம். மாநில எல்லை தடையே இல்லை. இரண்டு பக்கத்துக்கும் மேலே இருப்பது சென்னை உயர் நீதிமன்றம்தான்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் குடும்ப நீதிமன்றம் இருக்கிறது. புதுச்சேரியில் கடலூர் சாலையிலுள்ள ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்துக்குப் போகவேண்டும். குடும்ப நீதிமன்றத்தின் எல்லைக்குள் வராத ஊர் என்றால் 144 மனு குற்றவியல் நடுவரிடம் போகும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் கிடைக்கும். இது 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவு தரும் உரிமை. கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் கேட்கலாம். தொலைபேசியில் 15100.

தொகை எப்படித் தீர்மானமாகிறது?

"சம்பளத்தில் 25 சதவீதம்" என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் சுற்றுகிறது. 2017-ல் ஒரு வழக்கில் மனைவிக்கு நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமாக இருக்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து வந்தது அது. பிள்ளைகளுக்கான சூத்திரம் இல்லை. கோர்ட் பார்ப்பது இரண்டு: பிள்ளையின் தேவை, பெற்றோர் இருவரின் தாங்கும் சக்தி.

ஒரு கற்பனைக் கணக்கு. நான்காம் வகுப்புப் பிள்ளை, தாயோடு வாடகை வீட்டில்:

பள்ளிக் கட்டணம் ஆண்டுக்கு 36,000 என்றால் மாதம் 3,000. வேன் 1,200. சாப்பாடு, பால் 3,500. டியூஷன் 800. துணி, செருப்பு 600. மருத்துவம் 700. வாடகை 6,000-ல் பிள்ளையின் பாதி 3,000. மொத்தம் 12,800.

தந்தையின் நிகர வருமானம் 40,000, தாயினுடையது 20,000 என்று வைத்துக்கொள்வோம். இருவரும் சம்பாதிக்கும் வீட்டில் வருமான விகிதப்படி 2-க்கு 1 என்று பிள்ளைகளின் செலவைப் பிரித்தது 2000-ல் வந்த ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அந்த வழியில் போனால் தந்தை பங்கு சுமார் 8,530, தாய் பங்கு சுமார் 4,270. பிள்ளையைக் குளிப்பாட்டி, படிக்க வைத்து, காய்ச்சலில் கண் விழிக்கும் உழைப்பு இந்தக் கணக்கில் வரவே இல்லை என்பதை வக்கீல் எடுத்துச் சொல்ல வேண்டும். விகிதத்தைக் கொஞ்சம் நகர்த்த அது நியாயமான காரணம்.

இதில் சண்டை வரும் இடம் 'நிகர வருமானம்' எது என்பதில். ஒருவரின் மொத்தச் சம்பளம் 45,000. பி.எஃப்., தொழில்வரி போன்ற கட்டாயப் பிடித்தம் 5,000. தனிநபர் கடன் தவணை 14,000, சொசைட்டி கடன் 8,000. சம்பளச் சீட்டின் கடைசி வரியில் 18,000 என்று இருக்கும். கோர்ட் பொதுவாக எடுத்துக்கொள்வது 40,000-ஐ. தானாக வாங்கிய கடன்களுக்காகப் பிள்ளையின் சாப்பாடு குறையக் கூடாது என்பதே காரணம். வழக்கு வந்தபின் வாங்கிய கடன் என்றால் சந்தேகம் இன்னும் கூடும். சீட்டின் கடைசி வரியை மட்டும் பார்த்துக் குறைத்துக் கேட்டுவிடாதீர்கள்.

மாதச் சம்பளம் இல்லாதவர்களுக்கு ஆண்டுக் கணக்கு. தேவனாம்பட்டினத்தில் படகில் பங்குக்குப் போகிறவருக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் வருமானம் இருக்காது. ஆண்டு வருமானத்தைப் பன்னிரண்டால் வகுத்துக் கேட்பதே முறை. தடைக்கால மாதத்தைக் காட்டி 'வருமானமே இல்லை' என்பதும், நல்ல மீன்பாடு கிடைத்த மாதத்தைக் காட்டி 'லட்சம் வருகிறது' என்பதும் இரண்டுமே கோர்ட்டில் எடுபடாது. வேலையே இல்லை என்று கைவிரித்தாலும் தப்பிக்க வழியில்லை: உடல் திடமுள்ளவர் கூலி வேலை செய்தாவது மனைவி மக்களைக் காப்பாற்றக் கடமைப்பட்டவர் என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மறுபடி உறுதி செய்தது.

வழக்கின் உயிர்: சொத்து விவரப் பிரமாணப் பத்திரம்

2020 நவம்பர் 4-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு பராமரிப்பு வழக்குகளின் நடைமுறையையே மாற்றியது. இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன், செலவு எல்லாவற்றையும் குறிப்பிட்ட படிவத்தில் சத்தியம் செய்து தாக்கல் செய்ய வேண்டும். எதிர்தரப்புக்கு அதிகபட்சம் நான்கு வாரம். இழுத்தடித்தால் அவருடைய எதிர்வாதத்தையே நீக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. விவசாயிகளுக்குத் தனிப் படிவம். நெல்லிக்குப்பம் கரும்புக்காரரும் பண்ருட்டி முந்திரிக்காரரும் நிலப்பரப்பு, பயிர், கால்நடை என்று அதில் எழுத வேண்டும்.

மனைவி தரப்பு பத்திரம் பெரும்பாலும் அவசரத்தில் நிரப்பப்படுகிறது. 'தெரியாது', 'இல்லை' என்று பாதிக் கட்டங்கள். அங்கேதான் தொகை குறைகிறது. மனு போடுவதற்கு முன்பே திரட்ட வேண்டியவை:

1. பிள்ளையின் பிறப்புச் சான்று, ஆதார், பள்ளியில் படிப்பதற்கான சான்று, கட்டண ரசீதுகள். ரசீது தராத டியூஷனுக்கு ஜிபே பதிவு போதும்.

2. மருந்துச் சீட்டு, ஆஸ்பத்திரி பில். ஆஸ்துமா, கண் கண்ணாடி, பேச்சுப் பயிற்சி என்று தொடர் செலவு இருந்தால் மருத்துவர் எழுதிய குறிப்பு.

3. கணவரின் பழைய சம்பளச் சீட்டு, வங்கிப் பாஸ்புக் நகல், வருமான வரிக் கணக்கு, கடன் விண்ணப்ப நகல். வங்கியில் கடன் கேட்கும்போது வருமானத்தைக் கூட்டிக் காட்டியவர் கோர்ட்டில் குறைத்துக் காட்டினால், அந்த விண்ணப்பமே அவருக்கு எதிரான சாட்சி.

4. வில்லங்கச் சான்று. கடலூர் பக்க நிலத்துக்குத் தமிழ்நாடு பதிவுத்துறையில், புதுச்சேரி பக்க நிலத்துக்கு அந்த அரசின் பதிவு அலுவலகத்தில். இரண்டும் தனித்தனிப் பதிவுகள். புதுச்சேரியில் குடியிருந்து ரெட்டிச்சாவடியில் மனை வைத்திருப்பவரின் சொத்து ஒரு பக்கம் மட்டும் தேடினால் அகப்படாது.

தன் வருமானத்தை மறைக்கவும் கூடாது. வீட்டிலிருந்து தையல், பியூட்டி பார்லர், டியூஷன் என்று வருவதைத் தாய் எழுதாமல் விட்டு, குறுக்கு விசாரணையில் ஜிபே பதிவோடு வெளியே வந்தால், சொன்ன உண்மைகளும் சேர்ந்து அடிபடும். பொய்ப் பத்திரத்துக்கு வழக்குத் தொடரவும் சட்டத்தில் இடமுண்டு.

இடைக்காலத் தொகையும் தேதியும்

மூல மனுவோடு இடைக்காலப் பராமரிப்பு மனுவையும் சேர்த்தே போட வேண்டும். எதிர்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து கூடியவரை 60 நாளில் அதை முடிக்க வேண்டும் என்று 144-வது பிரிவே சொல்கிறது. நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா விழுந்து இதைவிட நீளும். எதிர்தரப்பின் முகவரி தப்பாகிச் சம்மன் திரும்பி வருவதுதான் அடிக்கடி நடக்கும் தாமதம். வேலை செய்யும் இடத்தின் முகவரியையும் கைபேசி எண்ணையும் முதலிலேயே கொடுப்பது நல்லது.

தொகை எந்த நாளிலிருந்து? மனு போட்ட நாளிலிருந்து என்று அதே 2020 நவம்பர் தீர்ப்பு தெளிவாகச் சொல்கிறது. இருந்தும் உத்தரவில் தேதி எழுதாமல் விடப்பட்டால் 'உத்தரவு தேதியிலிருந்து' என்று எதிர்தரப்பு வாதிடும். வழக்கு இரண்டு வருடம் நடந்து மாதம் 8,500 கிடைத்தால், அந்த ஒரு வரியின் மதிப்பு 2,04,000 ரூபாய். மனுவின் கோரிக்கைப் பகுதியிலேயே 'மனு தேதி முதல்' என்று இருக்கிறதா என்று கையெழுத்துப் போடுமுன் பார்த்துவிடுங்கள்.

உத்தரவு வந்தும் பணம் வராவிட்டால்

இங்கேதான் நிறையப் பேர் சோர்ந்து விடுகிறார்கள். உத்தரவு கையில் இருந்தும், மனுப் போட்டு வசூலிக்காதவரை ஒரு ரூபாய்கூடத் தானாக வராது.

முதல் வழி, 144-ன் மூன்றாம் உட்பிரிவு. நிலுவைத் தொகைக்கு மனு போட்டால், அபராதம் வசூலிப்பதுபோல வசூலிக்க வாரண்ட் பிறப்பிக்கலாம். அதன் பிறகும் கட்டாவிட்டால் ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம்வரை, அதற்கு முன்பே கட்டினால் கட்டும்வரை சிறை. சிறைக்குப் போய் வந்ததால் பாக்கி தீர்ந்துவிடாது. கட்ட வைப்பதற்கான அழுத்தம்தான் சிறை என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இந்த வழியில் ஒரு கண்ணி உண்டு: தொகை கட்ட வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட்டாக வேண்டும். மாதம் 5-ஆம் தேதி 8,500 கட்ட வேண்டியவர் 2025 ஜனவரி முதல் கட்டவில்லை. தாய் 2026 ஜூன் 20-ல் மனு போடுகிறார். 2025 ஜனவரி முதல் ஜூன் வரையிலான ஆறு மாதம், அதாவது 51,000 ரூபாய், இந்த வாரண்ட் வழிக்கு வெளியே போய்விடும். அந்தப் பணத்துக்கான உரிமையே அழிந்துவிட்டது என்று பொருளல்ல; சிவில் வழியில் கேட்கலாம் என்று தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் கூடுதல் அலைச்சல். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிலுவை மனு போடுவதைப் பழக்கமாக வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கலே வராது.

இரண்டாவது வழி, சிவில் கோர்ட் பணத் தீர்ப்பைப்போல நிறைவேற்றுவது. சம்பள ஜப்தியில் பராமரிப்புக்குத் தனிச் சலுகை உண்டு. சாதாரணக் கடனுக்கு முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொட முடியாது. பராமரிப்புக்கு என்றால் மூன்றில் ஒரு பங்குதான் தொட முடியாதது. அதாவது சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குவரை பிடிக்கலாம். நிலம், மனை ஜப்தியும் இதே வழியில்.

சொத்தை விற்றுவிடுவார் என்ற பயம் இருந்தால், பராமரிப்புத் தொகைக்கு அந்தச் சொத்தின் மேல் பொறுப்பு (சார்ஜ், அதாவது சொத்தையே ஈடாகக் கட்டுவது) ஏற்படுத்தும்படி வழக்கின்போதே கேட்க வேண்டும். தானாக அந்தப் பொறுப்பு வராது என்பது 1956 சட்டத்தின் 27-வது பிரிவு.

பஞ்சாயத்தில் பேசி, "இனி ஒழுங்காகக் கொடுக்கிறேன்" என்ற வார்த்தையை நம்பி மனுவை வாபஸ் வாங்குவது மிகவும் வருத்தமான தவறு. சமரசம் நல்லதுதான். ஆனால் அதைக் கோர்ட்டின் சமரச மையத்திலோ லோக் அதாலத்திலோ எழுத்தாக்கி, உத்தரவாகப் பெற வேண்டும். வாபஸ் வாங்கிய மனுவுக்குப் பதில் புது மனு போட்டால் தேதி புதிதாகத் தொடங்கும். இடைப்பட்ட மாதங்கள் போனது போனதுதான்.

மனமொத்த விவாகரத்துப் பத்திரத்தில் எழுத வேண்டியவை

'ஒரே தடவையில் இவ்வளவு, இனி எந்தப் பாத்தியமும் இல்லை' என்ற ஒற்றை வரியோடு முடிக்கப்படும் ஒப்பந்தங்கள் ஏராளம். மனைவிக்கான தொகையைப் பொறுத்தவரை அது நிற்கலாம். பிள்ளைக்கு நிற்காது. ஆனாலும் மறுபடி கோர்ட்டு ஏறுவதைவிட முதலிலேயே சரியாக எழுதுவது மேல்:

1. பிள்ளையின் மாதத் தொகை தனியாக, கட்டும் தேதி, வங்கிக் கணக்கு எண்ணோடு.

2. ஆண்டுதோறும் எத்தனை சதவீதம் உயரும் என்பது. இல்லாவிட்டால் நான்காம் வகுப்புக் கணக்கிலேயே பத்தாம் வகுப்பும் ஓடும்.

3. பள்ளிக் கட்டணம் மாதத் தொகைக்குள்ளா வெளியிலா. பெரிய மருத்துவச் செலவில் யாருக்கு எவ்வளவு.

4. கல்லூரிச் செலவு, விடுதி உட்பட, முதல் பட்டம் முடியும்வரை. மகன் விஷயத்தில் சட்டம் விட்ட ஓட்டையை அடைப்பது இந்த வரிதான்.

தந்தை வெளிநாட்டில் இருந்தால்

பரங்கிப்பேட்டை, லால்பேட்டை போன்ற ஊர்களில் வளைகுடா; புதுச்சேரியில் பிரான்ஸ். நம் கோர்ட் உத்தரவுக்கு வெளிநாட்டில் நேரடிப் பலம் குறைவு. பிள்ளைகளின் பராமரிப்புத் தொகையை நாடு கடந்து வசூலிப்பதற்கான 2007 ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா இல்லை. பிரான்ஸ், நம் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவில் பரஸ்பர நாடாகவும் (ஒருவர் கோர்ட் தீர்ப்பை மற்றவர் நிறைவேற்றும் நாடாகவும்) இல்லை. ஆகவே இங்கே இருக்கும் சொத்து, வங்கிக் கணக்கு, வாடகை வருமானம் இவற்றைப் பிடிப்பதே முதல் வேலை. சொல்தாவாக (பிரெஞ்சு ராணுவச் சிப்பாயாக) இருந்து ஓய்வு பெற்றவரின் பென்ஷன் புதுச்சேரி வங்கிக்கு வருகிறது என்றால் அந்தக் கணக்கின் விவரம் பிரமாணப் பத்திரத்தில் வந்தாக வேண்டும். பிரான்சிலேயே வேலை, சொத்து எல்லாம் என்றால் அங்கே அவர் வசிக்கும் ஊரின் குடும்ப நீதிபதியிடம் கேட்பது பலனளிக்கும்.

இன்னொரு புதுச்சேரி விசேஷம்: 'ரெனோன்சான்' எனப்படும், முன்னோர் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுத் தம் தனிநபர் சட்டத்தைத் துறந்த குடும்பங்களுக்கு இந்து திருமணச் சட்டமும் 1956 பராமரிப்புச் சட்டமும் பொருந்தாது. பெற்றோர் பிள்ளையை வளர்க்கும் கடமை பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 203-வது பிரிவில் இருக்கிறது. 144 எல்லோருக்கும் பொது என்பதால் அவர்களுக்கும் திறந்தே இருக்கிறது. தவறான சட்டத்தில் மனு போட்டு, ஒரு வருடம் கழித்துத் தள்ளுபடியாவதைத் தவிர்க்க, பிறப்பு, திருமணப் பதிவுகளை வக்கீலிடம் முதல் நாளே காட்டிவிட வேண்டும்.

பணம் கட்டுகிறவர் கவனிக்க வேண்டியது

கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கி வழியாக, 'பராமரிப்பு, இன்ன மாதம்' என்று குறிப்போடு அனுப்புங்கள். துணி, சைக்கிள், பிறந்தநாள் நகை ஆகியவற்றைக் கோர்ட் பொதுவாக மாதத் தொகையில் கழிக்காது. பள்ளிக்கு நேராகக் கட்டுவதென்றால் அதை உத்தரவிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

வேலை போய்விட்டது, விபத்தில் கை கால் போய்விட்டது என்றால் 146-வது பிரிவில் தொகையைக் குறைக்க மனு போடலாம். பிள்ளையின் செலவு கூடினால் உயர்த்தக் கேட்கவும் இதே பிரிவுதான். மனு போடாமல் தாமாகவே பாதியாகக் குறைத்து அனுப்பினால் மீதிப் பாதி நிலுவையாக ஏறிக்கொண்டே போகும். நோட்டீஸை வாங்காமல் ஒளிவதும் உதவாது: எக்ஸ்பார்ட்டியாக (அவர் இல்லாமலேயே ஒருதலையாக) உத்தரவு ஆகிவிடும், அதை ரத்து செய்யக் கேட்க உத்தரவு தேதியிலிருந்து மூன்று மாதம்தான்.